தில்லியில் ஈர நிழல்

தில்லியில் நிழலுக்குப் பஞ்சம் இல்லை, ஈரத்துக்குத்தான் பஞ்சம். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து அமைவது அபூர்வம். இதைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா ஒரு படம் அனுப்பி, "உங்க வீட்டுப் பின்பக்கமும் வெயிலே படாத இடந்தானே, இதை வச்சுப் பாரேன்" என்று சொன்னதும், சரி, இப்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

படத்தில் இருந்தது அஸ்டில்பே. மேப்பிள் மரத்தடியில், வேலியை ஒட்டி வரிசையாக வைத்திருக்கிறாள். இலை ஃபெர்ன் மாதிரி நுணுக்கமாக வெட்டுப்பட்டது. அதற்கு மேலே முழங்கால் உயரத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சாமரம் சாமரமாகப் பூ. நிழலில் இப்படி நிறம் காட்டும் செடிகள் குறைவு என்பதால் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம். இன்று உலகமெங்கும் விற்கும் ரகங்களில் ஏராளமானவை ஜெர்மனியில் ரோன்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் கியோர்க் ஆரெண்ட்ஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இனக்கலப்புச் செய்து உண்டாக்கிய வழியில் வந்தவை. ரத்தச் சிவப்பில் பூக்கும் 'ஃபனால்' அவருடையது, 1933இல் வந்தது, இன்னமும் விற்கிறது.

ஆனால் அஸ்டில்பே என்ற பேரினத்துக்கு முதலில் பெயர் வைத்தது நம் பக்கத்துச் செடி ஒன்றைப் பார்த்துத்தான். பெயர் வைத்தவரும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டியவர். திப்பு வீழ்ந்த பிறகு, 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கொங்கு, மலபார் என்று ஊர் ஊராகப் போய், கரூரிலும் தாராபுரத்திலும் கோயம்புத்தூரிலும் என்ன விளைகிறது, எப்படி உழுகிறார்கள், என்ன வரி கட்டுகிறார்கள் என்று எழுதிவைத்தாரே பிரான்சிஸ் புக்கானன், அவரேதான். கொங்கு வரலாறு படிப்பவர்கள் அவர் புத்தகத்தைத் தொடாமல் போக முடியாது. அந்தப் பயணம் முடிந்த கையோடு 1802இல் நேபாளத்துக்குப் போனார். அங்கே சேர்த்த செடிகளில் ஒன்று அஸ்டில்பே ரிவுலாரிஸ். அவர் வைத்த பெயரோடு டேவிட் டான் 1825இல் அதை நூலில் ஏற்றினார்.

அந்தச் செடியைப் பார்க்கத் தில்லியிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம் போதும். ஆகஸ்டில் முசோரிக்கு மேலே லண்டோருக்குப் போங்கள். வடக்குப் பார்த்த சரிவில், பான்ஜ் ஓக் மரங்களின் அடியில், பாறையிலிருந்து தண்ணீர் கசிகிற ஓடைக்கரையாகப் பார்த்து நில்லுங்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். கடைகளில் விற்கும் ரகங்களின் பளிச்சென்ற நிறம் இதில் கிடையாது. பூ பச்சை கலந்த வெண்மை, கிட்டப் போய்ப் பார்த்தால் அநேகமாக இதழே இருக்காது, மகரந்தத் தாள்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். தண்டில் காம்பு சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ரோமம். விரலால் தடவினால் ஈரமாக இருக்கும், மழை பெய்யாத வேளையிலும். மேகம் வந்து உட்கார்ந்து எழுந்து போகிற இடம் அது. டார்ஜிலிங், சிக்கிம் பக்கத்தில் இதற்குப் 'பூடோ ஒக்கத்தி' என்று பெயர். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வேரைக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் பிரசவ லேகியம் இருக்கிற இடத்தில் அங்கே இது இருக்கிறது.

அதன் பக்கத்தில் என்னென்ன வளர்கிறது என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். பாறை முகத்தில் காட்டு பிகோனியா, கீழே பால்சம், அப்புறம் பூலாங்கிழங்கு. ஆமாம், குளியல் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே பூலாங்கிழங்குதான். அந்த ஓக் காட்டில் வெள்ளைப் பூவோடு கூட்டம் கூட்டமாக நிற்கிறது. அதன் அக்கா தங்கை உறவில் ஒரு செடி தில்லிக்கு இறங்கி வரச் சம்மதிக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அஸ்டில்பே சம்மதிக்காது. இணையத்தில் 'அஸ்டில்பே கிழங்கு' என்று கண்ணைப் பறிக்கும் படத்தோடு விற்கிறார்கள், தில்லி முகவரிக்கும் அனுப்புகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். காரணம் வெயில் மட்டும் என்றால் நிழல் கட்டிச் சமாளிக்கலாம். அதற்குக் குளிர்காலத்தில் ஆழ்ந்த உறக்கம் வேண்டும், வேர் பனியில் கிடந்து எழ வேண்டும். நம் ஜனவரி இரவுகள் சராசரியாக ஏழெட்டு டிகிரி. நமக்கு நடுங்குகிறது, அதற்குப் போதாது. கோடையில் பகலை விட இரவுதான் அதைக் கொல்லும். பகலில் இலை சமைத்த சர்க்கரையை இரவுச் சூட்டில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும், வேருக்கு மிச்சம் போகாது. 2024 ஜூன் 19 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி. லண்டோர் ஓடைக்கரையில் பிறந்த செடிக்கு அப்படி ஒரு இரவைக் காட்டுவது பாவம்.

இது எனக்கு வருத்தமான செய்தி அல்ல. தில்லிக்கென்று ஈர நிழல் ஒன்று ஏற்கெனவே உண்டு, நாம் அதைத் தோட்டமாக நினைத்துப் பார்ப்பதில்லை. பாவ்லி என்ற படிக்கிணற்றைச் சொல்கிறேன்.

மெஹ்ரோலியில் இருக்கும் ராஜோன் கி பாவ்லி சிக்கந்தர் லோடி காலத்தில், 1506இல் கட்டியது. மே மாத மத்தியானத்தில் அதன் படிகளில் இறங்கிப் பாருங்கள். லூ என்ற கோடை அனல்காற்று முதல் தளத்தோடு நின்றுவிடும். இன்னும் இறங்க இறங்கக் கல் குளிரும். பூமி சில மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில், தில்லியின் ஆண்டுச் சராசரியான 25 டிகிரியை ஒட்டி நிற்கும். காற்று வீசாததால் தண்ணீரிலிருந்து எழும் ஈரம் அங்கேயே தங்கும். நிஜாமுதீன் தர்காவை ஒட்டிய பாவ்லி 1321-22இல் கட்டியது, ஊற்று இன்றும் சுரக்கிறது. 2008இல் அதன் சுவர் ஒரு பக்கம் இடிந்து விழுந்ததை ஆகா கான் அறக்கட்டளை சீர்செய்தது.

இந்த மாதிரி ஈரமான பழைய கிணற்றுச் சுவர்களில், சுண்ணாம்புக் காரை பெயர்ந்த இடுக்குகளில்தான் மெய்டன்ஹேர் ஃபெர்ன் தானாக முளைக்கும். தண்டு கறுத்து மினுங்கும், கம்பி கனம்தான் இருக்கும். இலைத்துணுக்கு ஒவ்வொன்றும் விசிறி வடிவம். அதன் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும், மடிப்பை நகத்தால் நிமிர்த்தினால் அதற்குள் வித்துத்தூள் பழுப்பாக ஒளிந்திருக்கும். தண்ணீரைத் தெளித்தால் இலையில் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு விழும். தில்லி யூனானி வைத்தியர்கள் இதை இருமலுக்குக் கொடுப்பார்கள். 'ஹன்ஸ்ராஜ்' என்று கேட்டால் காரி பாவ்லிக் கடைகளில் காய்ந்த கட்டாகக் கிடைக்கும். அந்தக் கடைத்தெருவே ஒரு காலத்தில் படிக்கிணறு இருந்த இடம்.

இங்கேதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது. அஸ்டில்பேக்குச் சற்றே புளிப்பேறிய மக்கிய மண் வேண்டும். தில்லி மண்ணோ காரம். கட்டட ஓரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம், மண்ணை விட மல்பா அதிகம்: உடைந்த செங்கல், சிமெண்ட், சுண்ணாம்பு. மலைச் செடிக்குக் குறையாக நிற்கிற இந்தச் சுண்ணாம்பு மெய்டன்ஹேருக்கு வரம். அதனால் இங்கிலாந்துக் காட்டுத் தோட்டத்தையோ லண்டோர் ஓடையையோ பார்த்துத் தில்லியில் நிழல் தோட்டம் போடக் கூடாது, பாவ்லியைப் பார்த்துப் போட வேண்டும் என்பது என் உறுதியான கட்சி. செடியைத் தூக்கி வைக்காமல் இறக்கி வைக்க வேண்டும். காற்று தலைக்கு மேலே போய்விட வேண்டும்.

எங்கள் வீடு மயூர் விஹாரில், தரைத்தளம். பின்பக்கம் வடக்குப் பார்த்த நீளத் துண்டு, மதிலுக்கு அப்பால் ஒரு நாவல் மரம். வடக்குப் பக்கம் என்றாலே நிழல் என்று பலரும் சொல்வார்கள். சூரியக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சென்னையில் ஜூன் மாத உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போகும், அதனால் வீட்டின் வடக்குப் பக்கமே உச்சி வெயில் வாங்கும். தில்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கேதான். ஆனால் ஜூனில் அது கிழக்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளி உதித்து, மேற்கிலிருந்து வடக்கே தள்ளி மறையும். எனவே வடக்குச் சுவர் காலையிலும் சாயங்காலமும் வெயில் வாங்கும். டிசம்பரிலோ உச்சிச் சூரியனே 38 டிகிரி உயரத்தைத் தாண்டாது, மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல் மதில் வரைக்கும் விழுந்து கிடக்கும். அதாவது நிழல் வேண்டாத காலத்தில் முழு நிழல், நிழலுக்குத் தவிக்கிற காலத்தில் நாலு மணி வெயில். அந்த மேற்கு வெயிலோடு லூவும் மேற்கிலிருந்தே வரும். ஆகவே மேற்கு மூலையை அடைப்பதுதான் முதல் வேலை, செடி வாங்குவது அப்புறம்.

நான் அங்கே கட்டுவது வெட்டிவேர்த் தட்டி. கூலர் காலத்துக்கு முன்பு தில்லி வீடுகளின் ஜன்னலில் தொங்கியதே, அதேதான். மே, ஜூன் இரண்டு மாதமும் மத்தியானம் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை நனைத்துவிடுவேன். அதன் வழியாக நுழைகிற காற்று அனலை இழந்து வாசனையோடு வரும். பச்சை வலை நிழல் தரும், ஈரம் தராது.

பாத்தியை ஒரு அடிக்குச் சற்று அதிகமாகத் தோண்டி இறக்கியிருக்கிறேன். இரண்டு பக்கமும் படிக்கட்டுபோல ரிட்ஜ் குன்றுப் பக்கத்துக் கல்லும் பழைய செங்கல்லும் அடுக்கி, இடுக்குகளில் காரைத் தூளும் இலைமக்கும் திணித்து, அதில் மெய்டன்ஹேர். பாவ்லியின் குளிர் ஒரு அடிப் பள்ளத்தில் வந்துவிடாது. காற்று மறைவும், நனைந்த செங்கல் கக்குகிற ஈரமும் கிடைக்கும், அது போதும். கீழே தண்ணீர் வடியக் கட்டாயம் வழி வேண்டும். 35.2 டிகிரி இரவு என்று சொன்னேனே, அதே 2024 ஜூனில், அந்த இரவு கழிந்து பத்து நாள்கூட ஆகாத 28ஆம் தேதி, சஃப்தர்ஜங்கில் 24 மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை. தில்லியின் ஈரம் இப்படித்தான், வந்தால் ஒரேயடியாக வரும். பாத்தியின் தாழ்ந்த கோடியில் ஒரு குழி வெட்டிச் செங்கல் ஜல்லி நிரப்பி வைத்தால் நீர் நின்று அழுகாது.

இலைமக்குக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தில்லியின் இலையுதிர் காலம் மார்ச்-ஏப்ரல். வேம்பும் அரசும் காலனித் தெருவெல்லாம் கொட்டிவைக்கும். முன்பெல்லாம் பெருக்கிக் கொளுத்துவார்கள். 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இலை, குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்ட பிறகு பெருக்குகிறவர்களே மூட்டை கட்டிக் கொடுக்கிறார்கள். வேப்பிலை சீக்கிரம் மக்கும். அரசிலை லேசில் மக்காது, கிழித்துப் போட வேண்டும். நனைத்து, மூடி, அடுத்த வசந்தம் வரை விட்டால் கறுப்பாக, மழைவாசனையோடு வந்துவிடும். மலையிலிருந்து வரும் ஓக் இலைமக்கை நர்சரிகளில் மூட்டையாக விற்பார்கள். நான் தொடுவதில்லை. அங்கே அந்த மக்கின் மேல்தான் அஸ்டில்பேயும் பூலாங்கிழங்கும் ஓக் கன்றும் வாழ்கின்றன. அதைச் சுரண்டி நம் தொட்டியில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நின்று போகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் ஈரத் தோட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்க வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடுகிறவர்கள் நாலு தெரு தள்ளி இருக்கிறார்கள். அதனால் குழாய் நீரை இந்தப் பாத்திக்கு அநேகமாகத் திறப்பதே இல்லை. ஆர்ஓ கழிவுநீர் எல்லார் வீட்டிலும் வாளி வாளியாகச் சேரும், ஃபெர்னுக்கு அதை ஊற்றக் கூடாது. உப்பு திரண்டு நிற்கும் நீர், இலை நுனி கருகிவிடும். கூலர் தொட்டியின் அடித்தண்ணீரும் அப்படியே. அவற்றை வாசல் கழுவவும் வேப்பமரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஃபெர்னுக்கு உகந்தது ஏசியிலிருந்து சொட்டும் நீர், உப்பே கிடையாது. ஆனால் ஒன்று, மே மாத வறண்ட காற்றில் ஏசி அதிகம் சொட்டாது, ஜூலைப் புழுக்கத்தில்தான் வாளி நிறையும். எனவே மே மாதத்துக்கு இட்லிக்கு அரிசி, உளுந்து களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும்தான் கை கொடுக்கும். எங்கள் வீட்டில் அது தினப்படி இருக்கிறது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முசோரி முகட்டின் வடக்குச் சரிவில் விழும் மழை அக்லார் ஆற்றில் இறங்கி யமுனையில் சேர்கிறது. கிழக்குத் தில்லிக் குழாய்களில் வருவதில் பெரும்பங்கு முராத்நகர் வழியாக வரும் கங்கை. எந்த வழியில் பார்த்தாலும் நாம் இங்கே குடிப்பது அந்த மலைகளில் ஊறிய நீர். அந்த ஓடைக்கரைகள் மக்கும் மரமுமாக இருக்கிற வரை மழைநீர் தங்கி மெதுவாக இறங்கும். அஸ்டில்பே அங்கே நன்றாக இருக்கிறதா என்று விசாரிப்பது, இங்கே தொட்டியில் அதை வைத்துப் பார்ப்பதை விட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஈரம் என்றால் கொசு வரும் என்று பக்கத்து வீட்டில் பயப்படுவார்கள். 1996இலும் 2015இலும் டெங்கு இந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவர்களின் பயம் அது, மதிக்க வேண்டும். டெங்குக் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும், ஈர மண் போதாது. தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வாளியை வாரம் ஒருமுறை காலி செய்தால் மட்டும் போதாது, உட்புறத்தை நாரால் தேய்க்கவும் வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

இனி செடிகள். மெய்டன்ஹேர் மே மாதத்தில் ஓரம் பொசுங்கினால் அடியோடு வெட்டிவிடுங்கள், முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். அதோடு டெரிஸ் விட்டாட்டா என்ற சுவர் ஃபெர்ன் நாம் நடாமலே வரும். நிலத்து ஆர்சனிக்கை இழுத்துச் சேமிக்கிற குணத்தால் 2001இல் அறிவியல் உலகில் பெயர் வாங்கியது. கலேடியம் கிழங்கு மார்ச்சில் போட்டால் மழைக்காலம் முழுக்க நிறம் காட்டி, நவம்பரில் தூங்கப் போகும். சேம்பு ஓரத்தில் ஒரு குத்து இருக்கட்டும், இலை அழகு, கிழங்கு சமையலுக்கு. கோடையின் உச்சத்தில், மற்றதெல்லாம் வாடி நிற்கும்போது, ஃபுட்பால் லில்லி மண்ணிலிருந்து வெறும் தண்டாக எழுந்து சிவப்பு உருண்டையாகப் பூக்கும். கனகாம்பரம் இல்லாமல் நமக்கு முடியாது. அரை நிழல் அதற்குப் பிடிக்கும், ஆனால் டிசம்பர் குளிரில் செத்துவிடும், தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

அஸ்டில்பேயின் இடத்தில் நான் வைப்பது டோலன்சம்பா. பூலாங்கிழங்கின் உறவு என்று சொன்னது இதைத்தான். இமயத்தின் கிழக்குப் பக்கத்துச் செடி, இஞ்சிக் குடும்பம், காலடியில் ஈரம் இருந்தால் சமவெளிச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை பூ. மொட்டு சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு விரியும். நுனியிலிருக்கும் பச்சைச் செதிலுக்குள்ளிருந்து வெள்ளை இதழ் சுருள் பிரிந்து வெளியே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாசனை மாடி வீடு வரை போகும். மறுநாள் மத்தியானத்துக்குள் வாடிவிடும், அடுத்த செதிலில் அடுத்த பூ தயாராக இருக்கும்.

குளிர்காலம் இந்தப் பாத்திக்குத் தனிப் பருவம். வெயிலே படாத அந்த மூன்று மாதத்தில் நீலமும் ஊதாவுமாகப் பூக்கச் சினரேரியாவால் முடியும். செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் பிப்ரவரியில் பாத்தியே தெரியாமல் மூடும். தில்லித் தோட்டக்காரர்கள் வராந்தா ஓரத்துக்குக் காலங்காலமாக நம்பியிருக்கிற பூ இது. நவம்பர் புகைமூட்டத்தில் மட்டும் கவனம் வேண்டும். அநேகமாக மழையே இல்லாத மாதம் அது, இலைமேல் புழுதி படிந்து படிந்து நிழலில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்துவிடும். வாரம் இருமுறை காலையில் ஏழு மணிக்கு மேல் இலைகளைக் கழுவிவிடுகிறேன். இரவில் நனைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அக்காவிடம் இவ்வளவையும் போனில் சொன்னேன். "அப்ப உன் டோலன்சம்பா எங்க ஊர்ல வருமா?" என்று கேட்டாள். தரையில் வைத்தால் பனியில் உறைந்துபோகும், தொட்டியில் வைத்து இலையுதிர்ந்ததும் உள்ளே எடுத்து வைத்தால் வரும்.

தில்லியில் இருப்பவர்களுக்கு ஒன்று: பிப்ரவரி கடைசியில் டோலன்சம்பாக் கிழங்கைப் பிரிக்கிறேன். கணுவோடு இரண்டு விரல் நீளத் துண்டு போதும், மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து நட்டால் முதல் ஆண்டே பூக்கும். யாருக்கு வேண்டுமோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவைக்கிறேன். வரும்போது ஒரு மூட்டை வேப்பஞ்சருகு கொண்டுவந்தால் சந்தோஷம்.